யூரோப்பாவின் காற்றை அளக்கும் இரண்டு கோடுகள்: புற ஊதா ஒளி சொல்வதும் சொல்லாததும்

வியாழனின் நிலாவான யூரோப்பாவில் ஆக்சிஜன் காற்று இருக்கிறது என்று 1995-இல் அறிவித்தார்கள். 2013 இறுதியில், அதன் தென் துருவத்தருகே நீராவி 200 கிலோமீட்டர் உயரத்துக்குப் பீறிடுகிறது என்றார்கள். பிறகு பார்த்தபோது அது காணவில்லை என்றார்கள். 2015-இல் பக்கத்து நிலா கனிமீடின் அடியில் கடல் இருப்பதற்குச் சான்று வந்தது. 2021-இல் அதே கனிமீடின் காற்றில் நீராவியும் இருப்பதாகத் தெரிந்தது.

இந்த ஐந்தும் ஹப்பிள் தொலைநோக்கி பதிவுசெய்த புற ஊதா ஒளியிலிருந்து வந்தவை. ஆனால் ஐந்தும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. எதை நம்பலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது, அந்த ஒளி எப்படிப் பிறக்கிறது, அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் விளங்கிவிடும்.

## காற்று என்று எதைச் சொல்கிறோம்

யூரோப்பாவின் தரையில் ஒரு சதுர சென்டிமீட்டரைக் குறித்துக்கொண்டு அதற்கு மேலே வானம் வரை உள்ள மூலக்கூறுகளை எண்ணினால் சில நூறு லட்சம் கோடி தேறும். கேட்கும்போது பெரிய எண்தான். பூமியில் அதே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல் உள்ள காற்றோடு ஒப்பிட்டால் இது சில ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. தரையில் அழுத்தம் பூமியினுடையதில் லட்சம் கோடியில் சில பங்குதான்.

இவ்வளவு மெல்லிய காற்றில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவது அரிது. தரையிலிருந்து கிளம்பும் மூலக்கூறு எறிந்த கல்லைப் போல வளைந்து போய் மறுபடி தரையில் விழும். தரையே அடித்தளமாக உள்ள இந்த வகைக் காற்றைப் புறவளி என்பார்கள். காற்றோட்டம், மேகம், மழை எதுவும் இதில் கிடையாது. இதன் தன்மையைத் தீர்மானிப்பவை இரண்டு: தரையிலிருந்து என்ன கிளம்புகிறது, கிளம்பியது எவ்வளவு நேரம் தங்குகிறது.

கிளப்பிவிடுவது வியாழனின் காந்தப்புலம். அதில் சிக்கிய கந்தக, ஆக்சிஜன் அயனிகளும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் உறைபனித் தரையை ஓயாமல் தாக்குகின்றன. அடிபட்ட பனியிலிருந்து நீர் மூலக்கூறுகள் தெறிக்கின்றன. பனிக்குள்ளேயே நீர் உடைந்து ஹைட்ரஜன் மூலக்கூறும் ஆக்சிஜன் மூலக்கூறும் உருவாகின்றன. இந்த மூன்றும் மூன்று வழியில் போகின்றன:

1. நீர் மூலக்கூறு குளிர்ந்த தரையைத் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். ஒரே தாவலில் அதன் பயணம் முடிந்துவிடும்.
2. ஹைட்ரஜன் மூலக்கூறு 100 கெல்வின் (சுமார் -173 பாகை செல்சியஸ்) வெப்பநிலையில் சராசரியாக நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் திரியும். யூரோப்பாவை விட்டுத் தப்ப நொடிக்கு 2 கிலோமீட்டர் வேண்டும். சராசரியைவிட மிக வேகமாகப் போகிறவை தப்பிவிடும், ஆகவே ஹைட்ரஜன் கசிந்துகொண்டே இருக்கும்.
3. ஆக்சிஜன் மூலக்கூறு 16 மடங்கு கனம், ஆகவே வேகம் கால் பங்குதான். தப்பவும் முடியாது, அந்தக் குளிரில் உறைந்து ஒட்டவும் செய்யாது. தரையைத் தொட்டுத் தொட்டுத் தாவிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஓர் எலக்ட்ரான் வந்து அதை உடைத்தாலோ அயனியாக்கினாலோதான் அதற்கு முடிவு.

யூரோப்பாவின் காற்றில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதற்குக் காரணம் இவ்வளவே. மற்றவை போய்விட, மிஞ்சியது அது. ஆக்சிஜன் என்ற சொல்லைக் கேட்டதும் உயிரோடு முடிச்சுப் போடுவதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

## ஏன் புற ஊதா?

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் யூரோப்பா பளிச்சென்ற வெண்பனிப் பந்து. அதன் முன்னால் நிற்கும் மெல்லிய காற்றின் ஒளி, சூரிய வெளிச்சத்தில் எரியும் மெழுகுவர்த்தியைப் போலத் தெரியாமல் போகும். நிலா வியாழனின் நிழலுக்குள் போகும் கிரகண நேரத்தில் மட்டும், ஆக்சிஜனின் பச்சை, சிவப்புக் கோடுகளை (குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் மட்டும் எழும் ஒளியை) பூமியில் உள்ள பெரிய தொலைநோக்கிகளால் பிடிக்க முடிந்திருக்கிறது.

அலைநீளம் 115 முதல் 170 நானோமீட்டர் வரை உள்ள தொலைப் புற ஊதாவுக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே சூரியனே மங்கல், அதன் ஒளியும் பெரும்பாலும் தனித்தனிக் கோடுகளாகத்தான் வருகிறது. போதாததற்கு உறைபனி அந்த ஒளியை விழுங்கிவிடும். யூரோப்பாவின் தரை திருப்பி அனுப்புவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். வெள்ளைப் பந்து கரிப்பந்தாகிவிடுகிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டிக் கோடு தெரிவதுபோல வாயுவின் ஒளி துலங்குகிறது.

இந்த ஒளி பூமியின் தரைக்கு வந்து சேராது. ஓசோனும் ஆக்சிஜனும் மேலேயே உறிஞ்சிவிடும். ஆகவே கருவி விண்வெளியில் இருந்தாக வேண்டும். கண்ணாடி வில்லைகளும் உதவாது, கண்ணாடிக்குள் இந்த ஒளி நுழையவே நுழையாது. ஹப்பிளின் ஆடிகளில் அலுமினியத்தின் மேல் மக்னீசியம் ஃபுளோரைடு பூசியிருக்கிறார்கள். அதுவும் 115 நானோமீட்டருக்குக் கீழே கைவிட்டுவிடும். ஹப்பிளின் பதிவுகள் பெரும்பாலும் அந்த எல்லையில் நின்றுவிடுவதற்குக் காரணம் அந்தப் பூச்சுதான்.

## விளக்கு ஏற்றுவது எலக்ட்ரான்

காற்று தானாக ஒளிராது. வியாழனின் காந்தப்புலத்தோடு சுற்றும் எலக்ட்ரான்தான் அதை ஒளிர வைக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறில் அது மோதும்போது இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும்: மூலக்கூறு இரண்டு அணுக்களாக உடையும், உடைந்த அணுவில் ஒன்று கிளர்ந்த நிலைக்குப் போகும். அந்த அணு அமைதி நிலைக்குத் திரும்பும்போது ஒரு ஃபோட்டானை உமிழும். கிளர்ந்த நிலை எது என்பதைப் பொறுத்து அந்த ஃபோட்டான் இரண்டு இடங்களில் ஒன்றில் விழும்: 130.4 நானோமீட்டர் அல்லது 135.6 நானோமீட்டர்.

இதற்கு ஆகும் ஆற்றலைக் கூட்டிப் பார்க்கலாம். மூலக்கூறை உடைக்க 5.1 எலக்ட்ரான்-வோல்ட். 135.6 கோட்டுக்கான நிலைக்கு அணுவை ஏற்ற 9.15 எலக்ட்ரான்-வோல்ட். மொத்தம் 14 எலக்ட்ரான்-வோல்ட்டுக்குச் சற்று மேல். யூரோப்பாவைச் சூழ்ந்த எலக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றின் ஆற்றல் 20 எலக்ட்ரான்-வோல்ட் அளவில் இருக்கிறது, அதாவது வாசலுக்குச் சற்று மேலே. ஆகவே எலக்ட்ரான் கூட்டம் சற்றுக் குளிர்ந்தாலே காற்று அப்படியே இருக்க ஒளி மட்டும் மங்கிவிடும்.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தொலைநோக்கி பார்க்கும் பிரகாசம், வாயுவின் அளவையும் எலக்ட்ரான்களின் அளவையும் பெருக்கிக் கிடைக்கும் தொகை. ஒன்றைத் தனியாகத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைச் சொல்ல முடியாது. எலக்ட்ரான் அளவோ நிலையாக இருப்பதில்லை. வியாழனின் காந்த அச்சு சுமார் 10 பாகை சாய்ந்திருப்பதால், அது சுழலும்போது மின்மத் தாள் (எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த மின்மம் தாள்போலப் பரந்த பகுதி) மேலும் கீழும் ஆடுகிறது. யூரோப்பா 11.2 மணி நேரச் சுற்று ஒன்றில் இரண்டு முறை அந்தத் தாளின் அடர்ந்த நடுப்பகுதியைக் கடக்கிறது. காற்றில் ஒரு மூலக்கூறுகூடக் கூடாமல் குறையாமல் பிரகாசம் ஏறி இறங்கும்.

கலிஸ்டோவைப் பாருங்கள். ஹப்பிள் அங்கே கண்ட ஆக்சிஜன் ஒளி மிக மங்கல், சில ராலே (ஒளியின் அலகு, விளக்கம் கீழே) மட்டுமே. யூரோப்பாவில் அது பல பத்து ராலே. அப்படியானால் கலிஸ்டோவில் காற்று குறைவு என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் கலிஸ்டோ வியாழனிலிருந்து தொலைவில், எலக்ட்ரான் கூட்டம் மெலிந்த இடத்தில் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்தபோது கிடைத்த ஆக்சிஜன் அளவு யூரோப்பாவினுடையதைவிட அதிகம்.

ராலே என்பது இந்த வகை ஒளிக்கான அலகு. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வாயுத் தூண் எல்லாத் திசையிலும் சேர்த்து நொடிக்குப் பத்து லட்சம் ஃபோட்டான்களை உமிழ்ந்தால் அது ஒரு ராலே.

## விகிதம் ஏன் நம்பகமானது

பிரகாசத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றால் என்ன செய்வது? இரண்டு கோடுகளையும் ஒன்றையொன்றால் வகுத்துவிடலாம். இரண்டையும் ஏற்றுவது ஒரே எலக்ட்ரான் கூட்டம் என்பதால் அதன் அளவு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மிஞ்சும் எண், அடிவாங்கியது எந்த மூலக்கூறு என்பதைக் காட்டும். 135.6 கோட்டின் பிரகாசத்தை 130.4 கோட்டின் பிரகாசத்தால் வகுத்தால்:

1. ஆக்சிஜன் மூலக்கூறு அடிபட்டால் விடை 2-க்குச் சற்று மேல்.
2. ஆக்சிஜன் தனி அணுவாக இருந்து அடிபட்டால் 1-க்கு வெகு கீழே. சூரிய ஒளியில் 130.4-ஐ அந்த அணுக்கள் நேரடியாகச் சிதறவும் செய்யும், 135.6-ஐ அப்படிச் சிதறுவதில்லை. இதனால் விடை இன்னும் இறங்கும்.
3. நீர் மூலக்கூறு அடிபட்டாலும் விடை மிகச் சிறியது. ஆனால் கூடவே ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோடு, 121.6 நானோமீட்டரில், பலமாக எழும்.

1995-இல் யூரோப்பாவில் கிடைத்த விகிதம் 2-ஐ ஒட்டி இருந்தது. தனி அணுவோ நீரோ இப்படி ஒரு விடையைத் தரவே முடியாது. பனி நிலாக்களில் ஆக்சிஜன் காற்று இருக்கும் என்று அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பே கணித்திருந்தார்கள். ஒரே ஒரு வகுத்தல் அதை உறுதி செய்தது. இத்துறையில் மிகவும் திடமான முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அளவு பற்றிய உறுதி அந்த அளவுக்கு இல்லை. 1998-இல் அதே குழுவினர் யூரோப்பாவின் ஆக்சிஜனுக்குக் கொடுத்த வரம்பில் மேல் எல்லை, கீழ் எல்லையைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. எலக்ட்ரான் நிலை சரியாகத் தெரியாததுதான் இவ்வளவு அகன்ற வரம்புக்கு முதன்மைக் காரணம். செய்தியில் இன்ன வாயு என்று வந்தால் தெம்பாக நம்பலாம். இவ்வளவு வாயு என்று வந்தால், எந்த எலக்ட்ரான் அளவை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

## எத்தனை ஃபோட்டான் வருகிறது?

இதை எண்ணிப் பார்த்தால்தான் சிரமம் புரியும். யூரோப்பா 100 ராலே ஒளிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூமி நெருங்கி வரும்போது அது 4.2 வானியல் அலகு தொலைவில் (பூமி-சூரியன் இடைவெளியைப்போல் 4.2 மடங்கு), 1 விகலை (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அகலத் தட்டாகத் தெரியும். 2.4 மீட்டர் விட்டமுள்ள ஹப்பிளின் ஆடி மேல் இந்தக் கோட்டின் ஃபோட்டான்கள் நொடிக்கு ஆறேழு விழும். தட்டு முழுவதற்கும் சேர்த்து அவ்வளவுதான்.

ஆடிகளிலும் கீற்றணியிலும் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் தகடு) உணரியிலும் இழந்தது போக, நூற்றுக்கு மூன்று பதிவாகிறது என்று கொண்டால் ஐந்து நொடிக்கு ஒரு ஃபோட்டான். ஹப்பிள் பூமியை ஒரு முறை சுற்றும் சுமார் 95 நிமிடத்தில் பயன்படுவது 40 நிமிடம் போல. அதில் கிடைப்பது சுமார் 500 ஃபோட்டான். உணரியில் யூரோப்பாவின் தட்டு 41 புள்ளி அகலம், மொத்தம் ஏறக்குறைய 1,300 புள்ளிகள். இரண்டு புள்ளிக்கு ஒரு ஃபோட்டான்கூடச் சரியாக வரவில்லை!

செய்திகளோடு வெளியாகும் வழவழப்பான வண்ணப் படம் இந்தப் புள்ளிகளைக் கூட்டி, மங்கலாக்கி, நிறம் ஏற்றி வருவது. மூலப் பதிவு சிதறிய மணல் போல இருக்கும். 500 எண்ணிக்கையில் இயல்பான தடுமாற்றம் 22, அதாவது நூற்றுக்கு நாலரை. தட்டை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஒன்பது. விளிம்பில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து அங்கே 20 ஃபோட்டான் இருந்தால் நூற்றுக்கு 22. பகுதி சுருங்கச் சுருங்க முடிவு ஆட்டம் காணும்.

## பதிவிலிருந்து விகிதம் வரை

ஹப்பிளின் ஸ்டிஸ் நிறமாலைக் கருவியில் 2 விகலை அகலப் பிளவு ஒன்று உண்டு. யூரோப்பா அதற்குள் முழுதாக அடங்கிவிடும். ஒளியைக் கீற்றணி பிரிக்கும்போது ஒவ்வொரு அலைநீளத்திலும் நிலாவின் தனித் தட்டுப் படம் ஒன்று, வரிசையாக, உணரியில் விழும். 130.4-இல் ஒரு தட்டு, 135.6-இல் ஒரு தட்டு. அழகான ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் தவற வாய்ப்பு இருக்கிறது.

1. பூமியின் சொந்த ஒளியை நீக்குதல். ஹப்பிள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதற்கு மேலும் பூமியின் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன, அவையும் 121.6-லும் 130.4-லும் ஒளிர்கின்றன. இந்த ஒளி பிளவு முழுவதையும் நிரப்பி 81 புள்ளி அகலப் பட்டையாக விழும். யூரோப்பாவின் தட்டு அந்தப் பட்டைக்குள் மூழ்கிக் கிடக்கும். 130.4 பட்டை, தொலைநோக்கி பூமியின் இரவுப் பக்கத்தில் இருக்கும்போது வெகுவாகக் குறையும், ஆகவே அந்த நேரப் பதிவுகளைத் தனியே பிரித்தெடுக்கிறார்கள். 121.6 பட்டை இரவிலும் ஓயாது. நிலாவுக்கு வெளியே, அதே பிளவுக்குள் உள்ள பகுதியை அளந்து கழிப்பதுதான் வழி. 135.6-இல் பூமியின் தொந்தரவு மிகக் குறைவு, அதனால்தான் ஆய்வாளர்களுக்கு அந்தக் கோட்டின் மேல் அவ்வளவு பிரியம்.

2. திரும்பிய சூரிய ஒளியைக் கழித்தல். தரை கரியாக இருந்தாலும் சிறிது திருப்பி அனுப்பும். சூரியனின் 133.5 நானோமீட்டர் கார்பன் கோடு இதற்குக் கைகொடுக்கிறது. நிலாவின் காற்றில் அந்தக் கோட்டைத் தரும் கார்பன் ஒளி எதிர்பார்க்கப்படுவதில்லை, ஆகவே அங்கே தெரிவது முழுக்கத் திரும்பிய ஒளி. அதைப் பார்த்து மற்ற இடங்களில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. உணரியின் ஒரு புள்ளிக்கு 0.058 நானோமீட்டர். 133.5-க்கும் 135.6-க்கும் இடைவெளி 36 புள்ளி, தட்டின் அகலமோ 41. இரண்டு தட்டுகளும் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். கனிமீடின் தட்டு 70 புள்ளி அகலம் என்பதால் அங்கே இன்னும் மோசம். கழிப்பதில் பிசகினால் ஒரு பக்க ஓரம் பொய்யாக மங்கும் அல்லது பொய்யாக ஒளிரும்.

3. தட்டின் நடுவைக் கண்டுபிடித்தல். இந்தப் படங்களில் நிலாவின் விளிம்பு கண்ணால் தெரியாது. 140 நானோமீட்டருக்கு மேல் உள்ள திரும்பிய ஒளியில் தட்டைப் பொருத்திப் பார்த்து நடுப்புள்ளியை ஊகிக்கிறார்கள். ஒரு புள்ளி யூரோப்பாவில் 75 கிலோமீட்டர். இரண்டு மூன்று புள்ளி தவறினால் 200 கிலோமீட்டர் போய்விடும். பீறிடுவதாகச் சொன்ன உயரமும் அதுவே என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

4. உணரியின் சொந்த மினுக்கம். கருவியை இயக்கி நேரம் ஆக ஆக, ஒளி எதுவும் விழாமலே பதிவாகும் எண்ணிக்கை கூடும். வேறொரு நாளின் இருட்டுப் பதிவைக் கொண்டு கழித்தால் சரிவராது.

## கனிமீடு: ஒரே பதிவு, இருபது ஆண்டு கழித்து வேறு விடை

1998-இல் ஹப்பிள் எடுத்த கனிமீடின் புற ஊதாப் படங்களில் வட, தென் துருவங்களை ஒட்டி ஒளிப்பட்டைகள் தெரிந்தன. கனிமீடுக்குச் சொந்தக் காந்தப்புலம் உண்டு என்பதை கலிலியோ விண்கலம் 1996-இலேயே கண்டிருந்தது. எலக்ட்ரான்களை அந்தப் புலம் வழிநடத்துவதால் ஒளி துருவப் பக்கம் குவிகிறது. யூரோப்பாவுக்கு அப்படிப்பட்ட சொந்தப் புலம் இல்லை, ஆகவே அங்கே ஒளி பரவலாகவும் திட்டுத்திட்டாகவும் இருக்கும்.

ஆனால் விகிதம் உதைத்தது. சில இடங்களில் அது 2-க்கு அருகிலும் சில இடங்களில் குறைவாகவும் இருந்தது. ஆக்சிஜன் மூலக்கூறோடு தனி அணுக்களும் கலந்திருப்பதாக அன்று விளக்கினார்கள். பொருத்தமான விளக்கம்தான், அதைச் சோதிக்கத்தான் வழி இல்லாதிருந்தது.

2018-இல் அந்த வழி கிடைத்தது. கனிமீடு வியாழனின் நிழலுக்குள் நுழையும் நேரத்தில் ஹப்பிளின் இன்னொரு கருவியான காஸ் அதைப் பார்த்தது. தனி அணுக்கள் நிறைய இருந்தால் அவை சூரிய ஒளியைச் சிதறுவது நிழலுக்குள் நின்றுபோகும், 130.4 கோடு மங்க வேண்டும். அப்படி எதுவும் தெரியவில்லை. தனி அணு மிகக் குறைவு என்றானதும், குறைந்த விகிதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று. பழைய படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். விகிதம் குறைந்த இடம், சூரியன் தலைக்கு மேல் நிற்கும் நடுப்பகல் வட்டாரம். அங்கே தரை சுமார் 150 கெல்வின் வரை சூடேறும், பனி நேரடியாக ஆவியாகும். நீராவியின் விகிதம் மிகச் சிறியது என்பதால் அது கலந்த இடத்தில் மொத்த விகிதம் இறங்குகிறது. நடுப்பகலில் நீராவி, ஆக்சிஜனைவிடப் பத்து மடங்குக்கு மேல். மற்ற இடங்களில் ஆக்சிஜனே மேலோங்கியது.

இந்த முடிவில் வலிமை எங்கே இருக்கிறது என்றால், பிரகாசத்தை அது நம்பி நிற்கவில்லை. விகிதம், அது மாறும் இடம், கிரகணச் சோதனை மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின. இது வெளியான 2021-இலேயே, 1999 முதல் 2015 வரையான பதிவுகளை இதே முறையில் அலசி, யூரோப்பாவின் பின்பக்க அரைக்கோளத்தில் மட்டும் நிலையாக நீராவி இருப்பதையும் கண்டார்கள். பின்பக்கம் என்பது சுற்றுப்பாதையில் நிலா நகரும் திசைக்கு எதிர்ப்புறம். வியாழனின் மின்மம் நிலாவைவிட வேகமாகச் சுழல்வதால் அது வந்து மோதுவது அந்தப் பக்கத்தில்தான்.

## 2012 டிசம்பரின் நீராவிப் பீறல்

இது நிலையான நீராவியிலிருந்து வேறானது. 2012 டிசம்பரில் யூரோப்பாவின் தென் பகுதி விளிம்பில் லைமன்-ஆல்ஃபாவும் 130.4-உம் மிகுந்து தெரிந்தன, 135.6 அப்படி மிகவில்லை. மூன்று கோடுகளும் நீர் மூலக்கூறுக்கு உரிய முறையிலேயே நடந்துகொண்டன, அதுதான் அந்தப் பதிவின் பலம். பலவீனம், அது விளிம்பில் ஒரு சிறு பகுதி, ஒரே ஒரு பதிவு, அதற்குப் பின் அதே முறையில் பார்த்தபோது மறுபடி கிடைக்கவில்லை.

2014-இல் வேறு முறையில் தேடினார்கள். யூரோப்பா வியாழனின் முகத்தைக் கடக்கும்போது, வியாழனின் ஒளியை விளிம்பில் ஏதாவது மறைக்கிறதா என்று பார்த்தார்கள். சில படங்களில் தென் விளிம்பருகே நிழல் போன்ற திட்டுகள் இருந்தன. பின்னர் அதே படங்களை வேறொரு குழு மறுபடி அலசியபோது, தட்டின் நடுவைக் குறிப்பதில் ஏற்படும் சிறு பிசகும் இயல்பான தடுமாற்றமும் சேர்ந்தே அத்தகைய திட்டுகளைத் தரக்கூடும் என்று தெரிந்தது.

அது எப்படி என்பதற்கு ஒரு கணக்கு. விளிம்பை 36 துண்டாகப் பிரித்துப் பத்துப் படங்களில் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 360 துண்டு. மூன்று சிக்மா (இயல்பான தடுமாற்றத்தைப்போல் மூன்று மடங்கு) அளவுள்ள ஒருபக்க விலகல் தற்செயலாக வர 740-இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் 360 இடத்தில் தேடும்போது அப்படி ஒன்று எங்காவது கிடைக்க ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. மூன்று சிக்மா என்று மட்டும் படித்துவிட்டு உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, எத்தனை இடத்தில் தேடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூரோப்பா பீறிடவே இல்லை என்பது இதற்குப் பொருள் அல்ல. ஹப்பிளின் தொலைவிலிருந்து இந்தக் கேள்விக்கு விடை காண்பது மிகக் கடினம்.

## ஒளிப்பட்டையின் ஆட்டத்தில் கடல்

கனிமீடின் கடல், பிரகாசத்தையும் விகிதத்தையும் விட்டு இடத்தை அளந்ததால் கிடைத்தது. வியாழனின் சாய்ந்த புலம் 10.5 மணிக்கு ஒரு முறை கனிமீடைக் கடந்து ஆடும்போது துருவ ஒளிப்பட்டைகளும் ஆடும். உள்ளே உப்புக் கடல் இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தி, எதிர்ப் புலம் ஒன்றைத் தூண்டி, ஆட்டத்தைத் தணிக்கும். கடல் இல்லையென்றால் பட்டைகள் சுமார் 6 பாகை ஆட வேண்டும் என்று கணக்கு சொன்னது. 2010, 2011 பதிவுகளில் அவை ஆடியது சுமார் 2 பாகை. வாயு எவ்வளவு, எலக்ட்ரான் எவ்வளவு என்ற கேள்விகளை இந்த அளவீடு பெருமளவு தாண்டிவிடுகிறது, அதனால்தான் இதற்கு அவ்வளவு மதிப்பு.

## எலக்ட்ரானை நம்பாத வழி

வாயுவின் அளவை நேரடியாகப் பெற வேண்டுமானால் ஒளிர்வதை விட்டுவிட்டு மறைப்பதைப் பார்க்க வேண்டும். 2005 ஜூலை 14 அன்று சனியின் நிலா என்செலடஸ், ஓரியன் விண்மீன் கூட்டத்தின் பெல்லாட்ரிக்ஸ் விண்மீனை மறைத்ததை காசினி விண்கலம் பார்த்தது. தென் துருவப் பக்கம் மறையும்போது விண்மீனின் புற ஊதா ஒளி முதலில் மெல்ல மங்கியது, பிறகே முற்றாக மறைந்தது. வெளிவந்த பக்கத்தில் அப்படி மங்கவில்லை. தென் துருவத்தில் மட்டும் நீராவி எழுகிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

இதில் வகுப்பது மங்கிய ஒளியை மங்காத ஒளியால். அதே விண்மீன், அதே உணரி, சில நொடி இடைவெளி. கருவியின் திறன் குறைந்திருந்தாலும் கவலையில்லை, எலக்ட்ரானுக்கு இங்கே வேலையே இல்லை. ஒவ்வொரு மறைப்பும் காற்றில் ஒரு கோட்டை மட்டும் வெட்டிக் காட்டும் என்பதுதான் குறை. ஆகவே பல விண்மீன்கள் வேண்டும், நிலாவைப் பல முறை நெருங்கவும் வேண்டும்.

2024 அக்டோபர் 14 அன்று கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் இதற்கு ஏற்றது. 2030 ஏப்ரலில் வியாழனை அடைந்து, யூரோப்பாவை 49 முறை நெருங்கிக் கடக்கும் திட்டம். 2023 ஏப்ரல் 14 அன்று கிளம்பிய ஜூஸ் விண்கலம், 2031 ஜூலையில் வியாழனை அடைந்து, 2034 இறுதியில் கனிமீடைச் சுற்றத் தொடங்கும். இரண்டிலும் 55 நானோமீட்டர் வரை இறங்கும் புற ஊதா நிறமாலைக் கருவி இருக்கிறது. உடனிருக்கும் மற்றக் கருவிகள் அங்கேயே எலக்ட்ரான்களை அளக்கும், ஆகவே பிரகாசத்தை வாயு அளவாக மாற்றும்போது ஊகத்தின் பங்கு வெகுவாகக் குறையும்.

அங்கே எதிர்நிற்கும் சிக்கல் வேறு. புற ஊதாக் கோட்டை ஏற்றும் அதே சூழலில் உள்ள மிக வேகமான எலக்ட்ரான்கள் கருவிக்குள் புகுந்து, ஃபோட்டான் வந்ததுபோலவே உணரியில் எண்ணிக்கை காட்டும். ஜூனோ விண்கலத்தின் புற ஊதாக் கருவி இதைச் சந்தித்தது. அதனால் உணரியைச் சுற்றிக் கனத்த உலோகக் கவசம் வைக்கிறார்கள், ஒளி படாத பகுதியில் வரும் எண்ணிக்கையைத் தனியே அளந்து கழிக்கிறார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று அந்த ஜூனோ யூரோப்பாவைச் சுமார் 350 கிலோமீட்டர் நெருக்கத்தில் கடந்தபோது, அதன் துகள் உணரி வெளியேறும் ஹைட்ரஜன் அயனிகளை எண்ணியது. தரையில் ஆக்சிஜன் உருவாகும் அளவு நொடிக்குச் சுமார் 12 கிலோ என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். முந்தைய மதிப்பீடுகளில் பல இதைவிட மிக அதிகமாக இருந்தன.